மெட்டியோடு போட்டுப் பாருங்கள்: மெத்தென்ற ஓட்டக் காலணிகள் பற்றி ஒரு பிடோக்வாசியின் மதிப்பீடு

ஓட்டக் காலணி வாங்கப் போகும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது, மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள் என்பதுதான். வீட்டிலும் வேலையிடத்திலும் எந்நேரமும் விரலில் கிடக்கும் மெட்டியோடுதான் விடியற்காலையில் ஓடவும் இறங்குகிறோம். கடையில் மட்டும் வெறும் விரலோடு போட்டுப் பார்த்து வாங்கிய காலணி, மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டாம் விரலையும் அதற்கடுத்த விரலையும் நெருக்கத் தொடங்கும். ஐந்தாவது கிலோமீட்டரில் மெட்டியின் விளிம்பு பக்கத்து விரலின் தோலைச் சிவக்க வைத்திருக்கும். அதன் பிறகு அடிப்பாகம் எவ்வளவு மெத்தென்று இருந்து என்ன பயன்? மெட்டி அணியாதவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஓடும்போது கால் எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையிலேயே காலணியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எனக்கு வயது 47. கடந்த 11 ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடி வருகிறேன். ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர், பெரும்பாலும் இரண்டு சுற்று ஓடுவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடற்கரைப் பாதைக்குப் போய் அதற்கும் கூடுதலாக ஓடுவதுண்டு. இந்தக் காலத்தில் 15 ஜோடிக்கு மேல் வாங்கித் தேய்த்திருக்கிறேன், அத்தனையும் என் சொந்தப் பணத்தில். பாதத்துக்குத் திருத்தம் எதுவும் தேவைப்படாத, கடைக்காரர்கள் ‘நியூட்ரல்’ என்று வகைப்படுத்தும் ஓட்டக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்களிலும், பதக்கத்துக்காக அல்லாமல் முழங்கால் நோகாமல் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக.

‘நியூட்ரல்’ என்ற சொல்லைக் கேட்டுக் குழம்புபவர்கள் பலர் இருப்பதால் அதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஓடும்போது குதிகாலின் வெளிவிளிம்பில் தரையிறங்குகிறோம். அங்கிருந்து பாதம் மெல்ல உட்பக்கமாகச் சாய்ந்து, உள்வளைவு சற்றுத் தாழ்ந்து, தரையிலிருந்து வரும் அதிர்வை வாங்கிக்கொண்ட பிறகே விரல்களின் வழியாக உந்தி எழுகிறது. இந்தச் சாய்வுக்குப் பெயர்தான் புரோனேஷன். அது நோயன்று, ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்குவரை வந்து மோதும் விசையை உடல் தானே தணித்துக்கொள்ளும் வழி. சாய்வு மிதமாக இருப்பவர்களை நியூட்ரல் என்றும், மிகுதியாக இருப்பவர்களை ஓவர்புரோனேட்டர் என்றும் கடைகளில் பிரிக்கிறார்கள். இரண்டாவது வகையினருக்கென விற்கப்படும் ஸ்டெபிலிட்டி காலணிகளில் உட்புறமாகக் கெட்டியான நுரைத்துண்டோ, பாதத்தைத் தாங்கும் உயர்ந்த விளிம்போ வைத்திருப்பார்கள். நியூட்ரல் காலணியில் அந்தத் தடுப்பு இல்லை. அடிப்பாகம் முழுவதும் ஒரே தன்மையுள்ள நுரையாக, பாதத்தை அதன் போக்கில் விடும்.

இந்தப் பிரிவினையை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய காலம் ஒன்று உண்டு. ஓடத் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகியிருந்தபோது ஒரு கடையில் என்னை ட்ரெட்மில்லில் ஏற்றி, அரை நிமிடம்கூட ஓடவிடாமல், கணுக்காலைப் பின்னாலிருந்து படம் பிடித்துக் காட்டினார்கள். திரையில் என் கணுக்கால் உள்ளே சாய்வதைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியபோது எனக்கே பயமாகிவிட்டது. அன்றே கெட்டியான உட்புறத் தடுப்புள்ள காலணி ஒன்றை வாங்கினேன். ஆறாவது வாரத்தில் வலது முழங்காலின் வெளிப்புறத்தில் வலி வந்தது. பலதுறை மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து இயன்முறை சிகிச்சையாளரிடம் அனுப்பப்பட்டேன். என் சாய்வு வழக்கமான அளவுக்குள்தான் இருக்கிறது என்றும், வலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பழைய வகைக் காலணிக்கே திரும்பும்படியும் அவர் சொன்னார். வலிக்கு அந்தக் காலணி மட்டுமே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் மாற்றிக்கொண்ட பிறகு வலி விலகியது. முகம் தெரியாத ஒருவர் அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்த தீர்ப்பை, இரண்டாண்டுகள் நோவில்லாமல் ஓடிய என் காலின் சாட்சியத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டேனே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

பின்னர் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, ஆய்வுகளும் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அவ்வளவு ஆதரவாக இல்லை என்பதை அறிந்தேன். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரின் படை ஆகியவற்றில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களை வைத்து, பாதத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலணி கொடுத்தால் காயங்கள் குறைகின்றனவா என்று சோதித்தார்கள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அந்த முடிவுகளில் பாதம் பார்த்துக் கொடுத்ததற்கும், எல்லாருக்கும் ஒரே வகையைக் கொடுத்ததற்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே நியூட்ரல் காலணியைக் கொடுத்து ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், பாதம் உட்சாய்பவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காயம் ஏற்படவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் 2015இல் முன்வைத்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தது: போட்டுப் பார்க்கும்போது எது காலுக்கு இதமாக இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுக்கும் ஓட்டக்காரர், தம் உடலின் இயல்பான அசைவுக்கு ஒத்த காலணியைத் தாமாகவே கண்டுகொள்கிறார் என்பது அதன் சாரம். ஏற்கெனவே காயம்பட்டவர்களும் மருத்துவர் தனியாக ஏதேனும் பரிந்துரைத்தவர்களும் அந்தப் பரிந்துரையையே பின்பற்ற வேண்டும். மற்றவர்கள் ‘நான் எந்த வகை’ என்று கவலைப்பட்டு மாய்வதை விட்டுவிட்டு, நியூட்ரல் காலணிகளிலேயே தேடத் தொடங்கலாம் என்பது என் துணிபு.

இனி மெத்துக்கு வருவோம். காலணியின் மேல்துணிக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் இடையிலுள்ள நுரைதான் அது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான காலணிகளில் ஈவிஏ எனப்படும் நுரையே பயன்பட்டு வந்தது. இப்போது அதனோடு வேறு பொருள்களைக் கலந்தும், நைட்ரஜன் வாயுவை ஏற்றியும், எடை கூடாமல் தடிமனைக் கூட்டுகிறார்கள். 2009இல் பிரான்சில் தொடங்கப்பட்ட ஹோக்கா நிறுவனம் தடித்த அடிப்பாகத்தோடு வந்தபோது பலரும் வியந்து பார்த்தார்கள். இன்று அந்தத் தடிமன் எல்லா நிறுவனங்களிலும் வழக்கமாகிவிட்டது. மெத்து உண்மையில் உதவுகிறதா என்று கேட்பவர்களுக்கு, லக்சம்பர்க்கில் 848 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு காலணிகளில் ஒன்றை மென்மையாகவும் மற்றொன்றைக் கெட்டியாகவும் செய்து, யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். கெட்டியானதை அணிந்தவர்களுக்கே காயம் கூடுதலாக ஏற்பட்டது. ஆனால் மென்மையால் வந்த அந்த நன்மை எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. எடை கூடியவர்களிடம் தெரியவில்லை. ‘எடை கூடுதலா, அப்படியானால் மிக மென்மையானதை வாங்குங்கள்’ என்று கடைகளில் வழக்கமாகச் சொல்லும் ஆலோசனைக்கு இது நேர்மாறு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்து, பஞ்சு போல் அமுங்குகிறது என்று மகிழ்ந்து வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். விரலின் அழுத்தம் வேறு, ஓடும் உடலின் எடை வேறு. நுரைக்கு வெப்பமும் ஒரு கணக்கு: குளிரில் இறுகும், சூட்டில் இளகும். குளிர்சாதனக் கடையில் அளவாகத் தோன்றிய காலணி, வெயிலேறிய நடைபாதையில் அதைவிட மென்மையாகத்தான் இருக்கும். எனவே நம் ஊரில் ஓடுபவர்கள், கடையில் போட்டுப் பார்க்கும்போது ‘இன்னும் கொஞ்சம் மென்மையாக இருந்தால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றுவதை வாங்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கடையிலேயே கால் புதைகிற அளவுக்கு மென்மையாக இருந்தால், ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பாருங்கள். கணுக்கால் இருபுறமும் தள்ளாடினால் அது உங்களுக்கு உரியதன்று.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாங்கியவர்கள் வருந்துவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் பாதங்கள் பலருக்கும் முன்புறம் விசிறிபோல் விரிந்தும், குதிகால் ஒடுங்கியும் இருக்கும். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டலாம் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால், முன்புறம் நெருக்கம் குறையும். ஆனால் குதிகால் வழுக்கி, பின்புறம் கொப்புளம் வரும். காலணியில் அகலத்துக்கென்றே தனி அளவு இருக்கிறது. பெண்களுக்கு பி என்பது வழக்கமான அகலம், டி அகலமானது. ஆண்களுக்கு டி வழக்கமானது, 2இ அகலமானது, 4இ அதனினும் அகலமானது. இதை அறியாததால் நான் எட்டு ஆண்டுகள் அரை அளவு பெரிய காலணிகளிலேயே காலம் தள்ளினேன்.

மாலையில், நாள் முழுதும் நின்று நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோரம் வைத்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நின்று, மிக நீண்ட விரலின் முனையில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. எடை ஏறும்போதுதான் பாதம் விரியும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். எனக்கு இடது பாதம் 24.1 சென்டிமீட்டர், வலது 24.4. காலணி நாக்கின் உட்புறச் சீட்டில் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய எண்களோடு சென்டிமீட்டர் எண் ஒன்றும் அச்சாகியிருக்கும். பல நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட மற்ற எண்களைவிட அதுவே கைகொடுக்கும். பெரிய பாதத்தின் நீளத்தைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டால், எழுந்து நிற்கும்போது விரல் முனைக்கும் காலணி முனைக்கும் இடையே கை கட்டைவிரலின் அகலம் இருக்கும்.

குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் ஒரு மாலை நேரத்தில் எனக்குக் காலணி எடுத்துக் கொடுத்த தமிழ் இளைஞர், நான் வலது காலில் மட்டும் போட்டுவிட்டுத் திருப்தியோடு தலையசைத்ததைப் பார்த்து, “அக்கா, ரெண்டு காலும் போடுங்க, வெளியே நடைவழியில ஓடிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்” என்றார். கடைக்குள் விரிப்பு போட்டிருந்தது. விரிப்பின் மேல் எந்தக் காலணியும் மென்மையாகத்தான் தெரியும் என்று அவரே விளக்கினார். வெளியே கடினமான தரையில் இருபது அடி ஓடிப் பார்த்ததில், உள்ளே ஒன்றுபோல் தோன்றிய இரண்டு காலணிகளுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பது உடனே புலப்பட்டது. அப்போது அவர் மற்றொன்றும் காட்டித் தந்தார். நாடா கோக்கும் துளைகளில் கணுக்காலுக்கு அருகே கடைசியாக ஒரு துளை இருக்கும், பலரும் அதைப் பயன்படுத்துவதே இல்லை. அதில் நாடாவை வெளியிலிருந்து உள்ளே திருப்பி விட்டு இருபுறமும் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாமல் நிற்கும். ஒடுங்கிய குதிகாலும் விரிந்த முன்பாதமும் உடைய என் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. முன்புற நாடாவை இறுக்காமலேயே குதிகாலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

கடந்த மூன்று ஆண்டுகளில் நான் மாறி மாறி ஓடிய நான்கு காலணிகளைப் பற்றி இனிச் சொல்கிறேன். எடைகள் ஆண்களின் நடுத்தர அளவுக்குரியவை. பெண்களின் அளவுகளில் சற்றுக் குறையும். ‘டிராப்’ என்பது குதிகாலின் கீழுள்ள உயரத்துக்கும் முன்பாதத்தின் கீழுள்ள உயரத்துக்கும் இடையிலான வேறுபாடு.

முதல் முறை வாங்குபவர்களுக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது புரூக்ஸ் கோஸ்ட் 16. எடை ஏறத்தாழ 270 கிராம், டிராப் 12 மில்லிமீட்டர். நைட்ரஜன் ஏற்றிய நுரை; ஆனால் புதைகுழியாக இல்லாமல், தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியும்படி மிதமாக அமுங்குகிறது. குதிகால் உயர்ந்திருப்பதால் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாருக்கும் இழுப்பு குறைவு. நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்து கெண்டைக்கால் இறுகிப்போனவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். என் வார நாள் ஓட்டங்களில் பாதிக்கு மேல் இதில்தான். அடுத்து வந்த கோஸ்ட் 17இல் டிராப் 10 மில்லிமீட்டராகக் குறைந்திருப்பதை, பழைய உயரத்துக்குப் பழகியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏசிக்ஸ் ஜெல் நிம்பஸ் 26 மெத்தில் இன்னும் ஒரு படி மேலே. எடை ஏறத்தாழ 300 கிராம், டிராப் 8 மில்லிமீட்டர், குதிகாலின் கீழ் 40 மில்லிமீட்டருக்கும் மேல் உயரம். பழைய நிம்பஸ்களில் குதிகாலின் பக்கவாட்டில் வெளியே தெரிந்த ஜெல், 25ஆம் பதிப்பிலிருந்து நுரைக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டுவிட்டது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் இறுகிய தார்ப்பாதையில் 14, 15 கிலோமீட்டர் போகும் நாளில் இதன் அருமை தெரியும்: வீடு திரும்பி மின்தூக்கியில் நிற்கும்போது உள்ளங்காலில் எரிச்சல் இல்லை. நிதானமான நீண்ட ஓட்டத்துக்கென்றே செய்தது என்பதால், இதிலிருந்து வேகத்தை நான் எதிர்பார்ப்பதில்லை.

எடை குறைவாக வேண்டும், ஆனால் மெத்தும் வேண்டும் என்பவர்களுக்கு ஹோக்கா கிளிஃப்டன் 9. ஏறத்தாழ 250 கிராம்தான். முன்னும் பின்னும் சற்று வளைந்த அடிப்பாகம், படகு போலக் காலை உருட்டி முன்னே தள்ளுகிறது. டிராப் 5 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் கெண்டைக்காலுக்கு வேலை கூடுதல். 12 மில்லிமீட்டருக்குப் பழகிய கால் இதற்கு மாறும்போது முதல் சில வாரங்கள் வாரத்துக்கு ஒரு சிறு ஓட்டம் என்று தொடங்குவது நல்லது. கிளிஃப்டன் 10இல் டிராப் 8 மில்லிமீட்டராக உயர்ந்துவிட்டது. பெயர் அதேதான், காலுக்குக் கிடைக்கும் அனுபவம் அதேயன்று. பழைய பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு புதிய பதிப்பை வாங்கக் கூடாது என்பதற்கு இதுவும் கோஸ்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

நியூ பேலன்ஸ் 1080, 13ஆம் பதிப்பு, டிராப் 6 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 260 கிராம். நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் அகல அளவுகள். டி அகலத்தில் என் அளவைப் போட்டு நின்றபோது மெட்டி அணிந்த விரலுக்கு இருபுறமும் இடம் இருந்தது. மேல்துணி நன்றாக நெகிழ்ந்து கொடுக்கிறது. அந்த முதல் வாரத்தில் விரல்களைக் காலணிக்குள் அசைத்துக்கொண்டே ஓடியது, சிறு பிள்ளையின் மகிழ்ச்சியாக இருந்தது. விரிந்த பாதமுடைய நம் பெண்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது இதுதான் என்று சொல்வேன். அதற்காக மற்ற மூன்றிலும் அகல அளவு இல்லை என்று பொருளன்று. நிறுவனங்கள் செய்கின்றன, ஆனால் கடையில் எந்த நேரமும் இருப்பில் இருக்காது. கேட்டால்தான் வரவழைத்துத் தருவார்கள், கேளுங்கள்.

நம் ஊரின் ஈரத்தைப் பற்றிப் பேசாத காலணி மதிப்பீடு நமக்கு உதவாது. சூரியன் ஏழு மணிவாக்கில்தான் எழுகிறது. அதற்கு முந்திய இருளில், நான் ஓடும் நேரத்தில், காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். வியர்வை உலராது, முழங்கால் வழியாக வழிந்து காலுறைக்குள் இறங்கும். இரண்டு சுற்று முடித்த காலணி ஒன்றை ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மழையே பெய்யாத நாளில், கிளம்பும்போது இருந்ததைவிட 40 கிராமுக்கு மேல் கூடியிருந்தது. 20 கிராம் எடை குறைந்த காலணிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள், மேல்துணி எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே மேல்துணியைப் பிடித்துப் பாருங்கள். விரல் பகுதியில் ஊடுருவி ஒளி தெரிந்தால் காற்றும் போகும், நீரும் வெளியேறும். நாக்கிலும் கழுத்துப் பகுதியிலும் தடித்த பஞ்சு வைத்தவை கடையில் சொகுசாக இருக்கும். ஆனால் அந்தப் பஞ்சுதான் கடைசியாக உலரும்.

ஓடி முடித்ததும் உள்ளட்டையை வெளியே எடுத்து, நாடாவைத் தளர்த்தி, உள்ளே முந்தைய நாள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கு முன் வைக்கிறேன். நேர் வெயிலிலோ துணி உலர்த்தும் இயந்திரத்திலோ வைத்தால் பசை விட்டுப்போகும். எப்படி உலர்த்தினாலும் ஒரே இரவில் முழுவதும் உலராது என்பதால் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுவதே நம் ஊருக்கு ஏற்றது. அதில் மற்றொரு நன்மையும் உண்டு. முன்பு சொன்ன அதே லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 264 பேரை 22 வாரங்கள் கவனித்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. வெவ்வேறு டிராப் உள்ள இரண்டை வைத்துக்கொண்டால் ஒரே தசை, ஒரே இடம், ஒரே மாதிரி ஒவ்வொரு நாளும் அடிபடாது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஈரத்தில் வழுக்குவது மற்றொரு கவலை. மழை நின்ற காலையில் என் புளோக்கின் கீழ்த்தளத்து ஓடுகளும், வடிகால் மேல் போட்ட இரும்புக் கம்பி மூடிகளும், சாலையோரத்து வண்ணக் கோடுகளும்தான் நீர்த்தேக்கத்தின் மண்சரளையைவிட ஆபத்தானவை. எடையைக் குறைப்பதற்காகச் சில காலணிகளில் ரப்பரை ஆங்காங்கே மட்டும் ஒட்டி, நடுவில் நுரையையே தரையில் படவிடுகிறார்கள். வெறும் நுரை ஈர ஓட்டில் பிடிக்காது, தேய்வதும் விரைவு. காலணியைக் கவிழ்த்து, குதிகாலின் வெளிவிளிம்பிலும் முன்பாதத்தின் கீழும் ரப்பர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். மெக்ரிச்சி காட்டுப்பாதைக்கு இவற்றில் எதையும் அணிந்து போக வேண்டாம். உயர்ந்த, மென்மையான அடிப்பாகம் மர வேரில் ஏறி இறங்கும்போது கணுக்கால் புரண்டுவிடும்.

விலையைப் பொறுத்தவரை, இந்த வகைக் காலணிகள் தள்ளுபடி இல்லாமல் ஏறத்தாழ 200 வெள்ளியிலிருந்து 270 வெள்ளிவரை போகின்றன. புதிய பதிப்பு வந்ததும் முந்தைய பதிப்பு இறங்கிவிடும். பெரும்பாலும் வேறுபாடு சிறிது என்பதால், ஏற்கெனவே போட்டுப் பழகிய பதிப்பு தள்ளுபடியில் கிடைத்தால் இரண்டாவது ஜோடியாக வாங்கிக்கொள்வேன். குவீன்ஸ்வேயில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கலாம். நொவீனாவில் உள்ள வெலோசிட்டியில் ஒரே கூரையின் கீழ் பல நிறுவனங்களின் காலணிகளை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஜோடியை இணையத்தில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைப் பணியாளர் அரை மணிநேரம் மண்டியிட்டு எடுத்துக் கொடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து பத்து வெள்ளி குறைவாக இணையத்தில் வாங்குவதும் எனக்கு உவப்பான செயலன்று.

220 வெள்ளிக் காலணி 600 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 37 காசு ஆகிறது. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடும் எனக்கு ஒரு ஜோடி ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டு ஜோடியை மாற்றிப் போட்டால் ஏறத்தாழ 11 மாதமும் வருகின்றன. அடி ரப்பர் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. நுரைதான் முதலில் சோர்வடையும். பக்கவாட்டில் நுரையில் படுக்கைக் கோடுகளாகச் சுருக்கம் விழுந்து, ஓய்வெடுத்த பிறகும் அவை மறையாமல் இருந்தால், அல்லது காரணமில்லாமல் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பு நோகத் தொடங்கினால், அதற்கு விடை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. நான் வாங்கிய நாளை உள்ளட்டையின் அடியில் பேனாவால் எழுதி வைக்கிறேன்.

மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று நான்கு ஜோடிகளை வாங்கி அடுக்கி வைப்பதும் நம் பருவநிலைக்கு ஒத்துவராது. என் தம்பி, தேசிய சேவைக்கான உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக ஒரு ஜோடியை ‘நல்லதாக’ எடுத்து வைத்திருந்தான். நடைவழி அலமாரியில் நான்கு ஆண்டுகள் கிடந்த அதை அணிந்து திடலில் முதல் சுற்று முடிப்பதற்குள் அடிப்பாகம் குதிகாலிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. பசையும், சில வகை பாலியூரித்தேன் நுரைகளும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடுகின்றன. அணியாமல் வைப்பதால் காலணி புதிதாக இருப்பதில்லை. அவனுக்கு அதன் பிறகு வாங்கிக் கொடுத்தது கோஸ்ட், 2இ அகலத்தில். இப்போது தேர்வுக்கு மட்டுமன்றி வாரம் இரண்டு நாள் என்னோடும் ஓடுகிறான்.

என் 1080இன் உள்ளட்டையில் மார்ச் மாதத் தேதி இருக்கிறது, நுரையின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. அடுத்த ஜோடியை டிசம்பர் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆறு வாரம் முன்பாகவே வாங்கிப் பழக்க வேண்டும் என்பதால், இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், ஓடும்போது அணியும் காலுறையைப் பையில் போட்டுக்கொண்டு நொவீனாவுக்குப் போகிறேன். டி அகலம், 25.5 சென்டிமீட்டர், தொலைபேசியில் கேட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.